முதல் தடவை கேட்டால் வேண்டாம்

யாங்கோனில் எங்கள் ஆஸ்பத்திரிக்குப் புது நிர்வாகம் வந்த பிறகு நோயாளிகளைவிட எங்களுக்குத்தான் அதிகப் பரிசோதனை நடந்தது. யார் என்ன படித்தோம், எங்கே படித்தோம், சான்றிதழ் ஒரிஜினலா நகலா என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். கடைசியில் என் நோயைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எனக்குப் பட்டம் இல்லை.

நான் டிப்ளமா நர்ஸ். பதிவு பெற்றவள். குழந்தைகள் வார்டுக்குப் பொறுப்பாளராக இருந்து தலைமுடி நரைக்கத் தொடங்கியவள். இத்தனை வருஷமும் என்னிடம் இல்லாத பட்டம் அன்று காலையில்தான் என் பையிலிருந்து தொலைந்துபோன மாதிரி எல்லாரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள்.

விஷயத்தைச் சொல்ல மேட்ரன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். பர்மியப் பெண்மணி, தங்கமானவர். முதலில் டீ கொடுத்தார். மழையைப் பற்றிப் பேசினார். என் வீட்டுக்காரர் கடையைப் பற்றி விசாரித்தார். மறுபடியும் மழைக்கே போனார். ஆறிப்போன டீயை நான் குடித்து முடித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மழைக்காலம் முடிவதற்குள் ஏதாவது ஒரு பட்டப்படிப்பில் எனக்கு இடம் கிடைத்துவிட்டால் வார்டிலேயே இருக்கலாம். கிடைக்காவிட்டால் கீழே டோக்கன் கவுண்டர்.

அடுத்தவருக்குச் சங்கடம் கொடுத்துவிடுவோமோ என்று கூசுவதைப் பர்மியர்கள் ஆநாடே என்பார்கள். நம்முடைய கூச்சம், தயக்கம், தாட்சண்யம் மூன்றையும் ஒன்றாகப் போட்டு அரைத்தால் ஓரளவு அந்தப் பக்குவம் வரும். மேட்ரனுக்கு அது கொஞ்சம் அதிகம். ஒரு தடவை தீயணைப்புப் பயிற்சியில் தீ என்று சத்தம் போடக் கூசி, எங்கள் ஒவ்வொருவர் தோளையும் தொட்டுச் சொன்னவர் அவர்.

டோக்கன் கவுண்டரில் உட்காருவது கேவலம் இல்லை. ஆனால் என்னால் முடியாது. அழுகிற குழந்தை என் குரல் கேட்டு அழுகையை நிறுத்தி, இவள் யார் என்று ஒரு பார்வை பார்க்குமே, அதற்காகத்தான் நான் தினமும் பஸ்ஸில் நசுங்கி வேலைக்குப் போகிறேன். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

வேலையை விடாமல், ஊரை விடாமல் படிக்க ஒரே வழி ஆன்லைன்தான். நர்ஸ்களுக்கென்றே பட்டப்படிப்பு நடத்தும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றை என் வீட்டுக்காரர் கண்டுபிடித்தார். அவர் பசுந்தாங் பேட்டையில் செல்போன் உறையும் சார்ஜரும் விற்கிறவர். அதனால் இன்டர்நெட் சம்பந்தப்பட்ட எல்லாமே தன் இலாகா என்று நினைப்பவர்.

அவர் சொன்னபடி, இருக்கும் நாட்டை மாற்றிக் காட்டும் வி.பி.என். போட்டுத்தான் விண்ணப்பத்தைத் திறந்தேன். எங்கள் ஊரில் நேர்வழியாகப் போனால் பாதி கதவு திறக்காது, சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். அதன் புண்ணியத்தில் நான் ஒருநாள் சிங்கப்பூரில் இருந்தேன், மறுநாள் நெதர்லாந்தில் இருந்தேன். எங்கள் வீட்டு மாடிப்படியைவிட்டு இறங்காமலே அந்த வாரம் அரை உலகத்தைச் சுற்றிவிட்டேன். நீங்கள் அடிக்கடி பயணம் செய்பவரா என்று அந்தத் தளமே ஒரு கட்டத்தில் சந்தேகப்பட்டுக் கேட்டது.

அதன் பிறகு கேள்விகள். உங்கள் தலைமைத்துவப் பாணி என்ன? யோசித்துப் பார்த்தேன். குழந்தை வாந்தியெடுத்தால் முதலில் அதனிடம் ஓடுவது என் பாணி. அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் நகரின் நடுவே கியாக்டடாவில் வெளிநாட்டுப் படிப்புக்கு ஆலோசனை சொல்லும் கடை ஒன்றுக்குப் போனேன். டை கட்டியிருந்த ஒருவர் தயாராக வைத்திருந்த கட்டுரையை நீட்டினார். அதில் என் தம்பி சிறு வயதில் காய்ச்சலில் இறந்துபோயிருந்தான். அவன் கையைப் பிடித்தபடி நர்ஸாவேன் என்று நான் சபதம் செய்திருந்தேன்.

"எனக்குத் தம்பியே கிடையாது" என்றேன் பர்மிய மொழியில்.

"பரவாயில்லை, தங்கச்சியும் இருக்கிறாள்" என்று இன்னொரு தாளைத் தேடினார்.

யாரையும் சாகடிக்காமல் எழுந்து வந்து, வாந்தியைப் பற்றியே எழுதி அனுப்பினேன். வந்தது வரட்டும் என்று விட்டேன். ஆச்சரியம், வீடியோ நேர்காணலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இங்கே என் மாமியைப் பற்றிச் சொல்லவேண்டும். மாமி என்பது என் வீட்டுக்காரரின் தாயார். தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து வியாபாரத்துக்கு வந்த குடும்பம். அந்த ஊர் மரியாதை மாமிக்குப் பிறப்பிலேயே உண்டு. அதன் மேல் யாங்கோனின் ஆநாடேயும் சேர்ந்துகொண்டது. இரண்டு ஊர்க் கூச்சமும் கூடிக் குடியிருக்கும் வீடு எங்களுடையது.

மாமியின் சட்டம் இதுதான். போன வீட்டில் தட்டை நீட்டினால் முதல் தடவை வேண்டாம் என்று சொல்லவேண்டும். இரண்டாம் தடவை, இப்போதுதான் சாப்பிட்டோம் என்று சொல்லவேண்டும். மூன்றாம் தடவையும் கேட்டால், நீங்கள் இவ்வளவு சொல்வதால் கொஞ்சமாக எடுத்துக்கொள்கிறேன் என்று எடுக்கவேண்டும். முதல் தடவையே கை நீட்டுகிறவள் காணாததைக் கண்டவள். கல்யாணமான புதிதில் உறவுக்காரர் வீட்டில் நான் ஃபலூடாவை முதல் தடவையே வாங்கிவிட்டேன். வீடு வந்து சேரும்வரை மாமி என்னோடு பேசவில்லை. வந்த பிறகு அதைப் பற்றியே பல வருஷம் பேசினார்.

நான் தேறிவிட்டேன். இப்போது என் வேண்டாம் நாக்கிலேயே உட்கார்ந்திருக்கும், கூப்பிடாமலே வரும்.

நேர்காணலுக்கு ஒரு விதி போட்டிருந்தார்கள். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. அறை என்று அவர்கள் எதை நினைத்தார்களோ தெரியாது. எங்கள் வீடு நீளமான ஒரே ஹால். நடுவில் ஓர் அலமாரி நிற்கிறது, அதுதான் சுவர். அலமாரிக்கு அந்தப் பக்கம் மாமியின் கட்டில். மாமிக்கு முழங்கால் வலி. அவரை அறைக்கு வெளியே அனுப்புவதென்றால் ஆறு மாடியும் இறக்கித் தெருவில்தான் உட்காரவைக்க வேண்டும்.

"நான் மூச்சுவிட மாட்டேன் புள்ள. நீ பேசு" என்று சொல்லிவிட்டு மாமி ஓதி எண்ணும் தஸ்பீஹ் மணியோடு அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. எஸ், நோ இரண்டு மட்டும் தெரியும். அதனால் விதி பாதிதான் மீறப்படுகிறது என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பால்கனியிலிருந்து தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்கும். கீழே காய்கறிக்காரர் அதை இழுத்தால் மேலே மணி அடிக்கும், பிறகு கயிற்றிலேயே சாமானைத் தூக்கிக்கொள்வோம். யாங்கோன் மாடி வீடுகளில் எல்லாருக்கும் இதுதான் வழக்கம். என் வீட்டுக்காரர் அந்த மணியின் நாக்கைத் துணியால் கட்டினார். கரண்ட் போனால் இருக்கட்டும் என்று பேட்டரியை என் காலடியில் வைத்தார். யாரும் கதவைத் தட்டாமல் இருக்க மாடிப்படியில் காவலுக்கு நின்றார். ஒரு நாட்டுக்கு அதிபர் வருவதுபோல ஏற்பாடு.

திரையில் வந்தவர் கண்ணாடி போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. வாந்திக் கட்டுரையைப் படித்துச் சிரித்ததாகச் சொன்னார். வார்டைப் பற்றிக் கேட்டார். பயந்த குழந்தைக்கு எப்படி ஊசி போடுவேன், மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தால் என்ன செய்வேன், பெற்றோர் சண்டை போட்டால் எப்படிச் சமாளிப்பேன் என்று கேட்கக் கேட்க எனக்குக் கூச்சமே போய்விட்டது. என் தப்பும் தவறுமான இங்கிலீஷைப் பற்றி இரண்டு பேருமே மறந்துவிட்டோம். கடைசியில் அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"எங்களிடம் இந்தப் பருவத்துக்கு ஒரே ஓர் இடம்தான் பாக்கி. அதை உங்களுக்குக் கொடுக்க எனக்கு விருப்பம். இப்போதே எடுத்துக்கொள்கிறீர்களா, அல்லது அடுத்த ஆண்டு வருகிறீர்களா?"

வாயைத் திறந்தேன். "நோ, நோ, பரவாயில்லை மேடம்" என்றேன். "எனக்காக நீங்கள் சிரமப்பட வேண்டாம். வேறு யாருக்காவது அவசரமாகத் தேவைப்பட்டால் அவருக்கே கொடுங்கள்."

சொல்லிவிட்டுப் புன்னகையோடு காத்திருந்தேன். இரண்டாவது வேண்டாம் நாக்கில் தயாராக இருந்தது. அதற்குப் பின்னால் சரி என்ற சொல் நின்றுகொண்டிருந்தது.

அந்தப் பெண்மணி நெகிழ்ந்துபோனார். "எவ்வளவு பெருந்தன்மை. உங்கள் முடிவை மதிக்கிறேன். அடுத்த ஆண்டு சந்திப்போம்" என்று கையசைத்தார். திரை கறுத்தது. அதில் என் முகம் தெரிந்தது, இன்னும் சிரித்தபடி.

அலமாரிக்குப் பின்னாலிருந்து மாமி சொன்னார். "நல்லா சொன்ன புள்ள. மரியாதையா இருந்துச்சு. மறுபடி எப்பக் கேப்பாக?"

என் வீட்டுக்காரர் மாடிப்படியிலிருந்து வந்து விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"அவுக நம்ம வீட்டு ஆளா புள்ள? மறுபடி வந்து கெஞ்சுறதுக்கு. அங்கல்லாம் வேணாம்னா வேணாம்தான்."

"ஒரு தடவதான் கேட்டாக மச்சான்" என்றேன். எனக்கு அது இன்னும் நியாயமாகவே பட்டது. இரண்டாம் தடவை கேட்காதது அந்தப் பெண்மணியின் வளர்ப்புக் குறை என்றுகூட நினைத்தேன்.

மறுநாள் மின்னஞ்சல் வந்தது. என் விருப்பப்படியே என் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகவும், என் பெருந்தன்மை குழுவினர் அனைவரையும் தொட்டதாகவும் எழுதியிருந்தார்கள். இவ்வளவு பாராட்டி யாரும் என்னை வெளியே தள்ளியதில்லை. அதைப் படித்தபோதுதான் எனக்குப் புத்தி வந்தது. குளியலறையில் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

மேட்ரனிடம் சொன்னேன். "அழகாகத்தான் பதில் சொல்லியிருக்கிறாய்" என்றார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவர் முகம் மாறியது. லைன் சரியில்லை, கேள்வி காதில் விழவில்லை என்று எழுதிவிடு என்றார். என் வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார். எங்கள் ஊர் லைனைப் பற்றி என்ன பொய் சொன்னாலும் அது அநேகமாக உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் அன்றைக்கென்று பார்த்து லைன் பளிங்குபோல இருந்தது. நான் வாந்தியைக்கூட உள்ளபடி எழுதியவள், இதில் பொய் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை.

அன்று வார்டில் ஆற்றோர அலோன் பேட்டையிலிருந்து வந்த ஒரு தாய் இருந்தாள். அவள் வீட்டுக்காரர் படகுத்துறையில் மூட்டை தூக்குகிறவர். வெந்நீர் கொட்டிய குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"சாப்பிட்டாயா?" என்று கேட்டேன்.

"சாப்பிட்டேன் சயாமா" என்றாள். எங்கள் ஊரில் டீச்சரையும் நர்ஸையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

குழந்தையின் காயக் கட்டை மாற்றிவிட்டு, போகிற போக்கில் மறுபடி கேட்டேன். "யாபாடே, பரவாயில்லை சயாமா" என்றாள். குழந்தை தூங்கிய பிறகு பக்கத்தில் உட்கார்ந்து மூன்றாம் தடவை கேட்டேன். நேற்று ராத்திரியிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று சொல்லிவிட்டு அழுதாள்.

இது என் கெட்டிக்காரத்தனம் இல்லை. எங்கள் வார்டில் பட்டம் உள்ளவர்களும் இல்லாதவர்களும் இப்படித்தான் கேட்போம். வலிக்கிறதா என்றால் முதலில் இல்லை என்பார்கள். மூன்றாவது பதில்தான் நோயாளியின் சார்ட்டில் ஏறும். அவளுக்கு மீன்குழம்பு ஊற்றிய மோஹிங்கா நூடுல்ஸ் வாங்கிவரச் சொல்லிவிட்டு அப்படியே நின்றேன். ஊரிலுள்ளவர்களை எல்லாம் மூன்று தடவை கேட்கிற நான், ஒரு தடவை கேட்டவரிடம் மாட்டிக்கொண்டு நிற்கிறேனே என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் மாமியிடம் கோபத்தைக் காட்டினேன். "உங்க மரியாதையால என் வார்டு போகப்போவுது மாமி" என்று நேராகவே சொன்னேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை.

மாமி பதிலுக்குச் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தார்.

"எங்க வாப்பா என்னய ஒரு தடவ கேட்டாக" என்றார். "மேல படிக்கிறியா புள்ளன்னு. நான் வேணாம் வாப்பான்னேன். செலவுதானே, உடனே சரின்னா நல்லாவா இருக்கும்? மறுபடி கேப்பாகன்னு இருந்தேன்."

"கேட்டாகளா?"

"வேல ஜாஸ்தி அவுகளுக்கு. மறந்திருப்பாக." மடித்த வெற்றிலையை என்னிடம் நீட்டினார். நான் வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டேன். மாமி அதைக் கவனித்தார்.

அன்றே பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன். நான் அன்று சொன்னது வெறும் முதல் தடவை வேண்டாம். எங்கள் ஊரில் அது பதில் ஆகாது, பதிலுக்கு முன்னால் செலுத்தும் மரியாதை. எங்கள் வார்டில் மூன்று தடவை கேட்காமல் யாருடைய பசியையும் வலியையும் நாங்கள் தெரிந்துகொள்வதில்லை. உங்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை, தப்பு என்னுடையதுதான். அந்த இடம் எனக்கு வேண்டும். இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை என்றால் எனக்கே கொடுங்கள். கடைசி இரண்டு வரியை எழுதும்போது யார் வீட்டுத் தட்டிலோ கையை விட்டதுபோலக் கூசியது. கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினேன்.

இடம் இன்னும் நிரம்பவில்லை, மறுபடியும் பேசலாம் என்று பதில் வந்தது. மறுபடியும் மணியின் நாக்கைக் கட்டி, பேட்டரியை வைத்து, என் வீட்டுக்காரர் மாடிப்படிக் காவலுக்குப் போனார். மாமி அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்தார். அதே பெண்மணி திரையில் வந்தார்.

"இந்த இடம் உங்களுக்கு வேண்டுமா?" என்று கேட்டார்.

"எஸ்" என்றேன். கேள்வி முடிவதற்கு முன்பே சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

அவர் தலையாட்டினார். கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, "வேண்டுமா?" என்று மறுபடி கேட்டார். என் கடிதத்தை அவர் மனப்பாடம் செய்துவிட்டார் என்பது அப்போதுதான் புரிந்தது. மூன்று தடவை கேட்காமல் விட்டால் எனக்கு அவமரியாதை என்று எடுத்துக்கொண்டுவிட்டார்போல. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு மறுபடியும் எஸ் என்றேன்.

"நிச்சயமாக உங்களுக்கு இது வேண்டுமா?"

மூன்றாவது தடவை எனக்கு அழுகைதான் வந்தது. டீ வேண்டுமா, சோறு வேண்டுமா என்று என்னை நிறையப் பேர் மூன்று தடவை கேட்டிருக்கிறார்கள். என் வாழ்க்கையில் எனக்கு என்ன வேண்டும் என்று யாரும் அப்படிக் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. ஒருவழியாக, வேண்டும் என்று சொன்னேன்.

"சந்தோஷம். இடம் உங்களுடையது" என்றார். கடைசியாகத் தாளைப் பார்த்தபடி, "உங்கள் ஊரில் அடிக்கடி மின்சாரம் போகும் என்று அறிகிறேன். பாடங்களை முடித்து அனுப்ப உங்களுக்குக் கூடுதல் நாட்கள் தரலாம். தேவைப்படுமா?" என்று கேட்டார்.

"நோ, நோ" என்று ஆரம்பித்துவிட்டேன். நாக்கு அப்படிப் பழகியது, நான் என்ன செய்ய.

அலமாரிக்குப் பின்னால் தஸ்பீஹ் மணி உருள்வது நின்றது.

"நோ சொல்லாத புள்ள" என்றார் மாமி, தெருவரைக்கும் கேட்கிற குரலில். "வேணும்னு சொல்லு."

திரையில் இருந்தவர் நிமிர்ந்தார். "உங்களுடன் யாராவது இருக்கிறார்களா?"

"என் மாமியார்" என்றேன்.

"அவர் என்ன சொல்கிறார்?"

"எனக்கு வேண்டும் என்று சொல்கிறார்" என்றேன்.